வெண்டலின் இரண்டு நிமிடங்கள்

பள்ளி விளையாட்டரங்கின் உயரமான ஜன்னல் வழியே சாயங்கால வெயில் கலிபோர்னியா மாநிலக் கொடியிலுள்ள கரடிப் படத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. காட்டுத்தீயில் வீடு போன நாங்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் கோட்டுகளில் இன்னும் புகை வாடை. திரும்பக் கட்டுவதற்கான அனுமதிக் கட்டணத்தை நகராட்சி தள்ளுபடி செய்யலாமா என்பதுதான் பேச்சு. கட்டட ஆய்வாளர் வெண்டல் அதிகாரிகள் மேசையிலிருந்து எழுகிறார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பேசக் காத்திருப்பவர்களின் வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறார்.

"என் வீட்டுப் படியை மூணு தடவை இடிச்சுக் கட்ட வெச்ச ஆளு," என்று என் காதில் முணுமுணுக்கிறாள் பக்கத்து வீட்டு ரமோனா.

அவர் முறை வருகிறது. மைக்கின் முன்னால் பச்சை விளக்கு எரிகிறது. ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான்.

"வெண்டல், அந்தக் கட்டணத்துலதான் உங்க சம்பளமே வருது," என்கிறார் மேயர் நோரீன்.

"தெரியுங்க. முப்பது வருஷமா அதுலதான் சாப்பிடறேன். எரிஞ்சதுல பாதி வீடு, நான் பாத்து கையெழுத்துப் போட்டது. ஒருத்தரும் தப்பாக் கட்டல. அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை கட்டணம் வாங்கணும்? ஆளு பத்தலைன்னா சனிக்கிழமைல நான் சம்பளமில்லாம வர்றேன்."

சிவப்பு விளக்கு எரிகிறது. யாரும் கைதட்டவில்லை, ரமோனா மட்டும் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைக்கிறாள். அட்டை மேசையிலேயே கிடக்க, வெண்டல் வந்து எங்களோடு உட்கார்கிறார். அவர் வீட்டில் ஓர் ஓடுகூட எரியவில்லை.