எக்ஸ்பிரஸ் நிற்கும் மேடு

குதிரை நின்றுவிட்டது.

தையல்காரி கடிவாள வாரை உதறிப் பார்த்தாள். குதிகாலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். ம்ஹும். அசைவேனா என்றது.

காட்டுப்பாதையில் மேடு ஏறி முடிகிற இடம். மரங்களுக்கு நடுவே கீழே ஏரி தெரிந்தது. கரையில் அவர்கள் அடித்திருந்த கூடாரங்கள் காயப்போட்ட கைக்குட்டை அளவுக்குச் சிறுத்திருந்தன.

குதிரையின் பெயர் எக்ஸ்பிரஸ். நடந்து போகிறவர்கள் எல்லாம் அதை முந்திக்கொண்டு போவதால் யாரோ கிண்டலாக வைத்த பெயர். இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி ஏறியிருந்தாள். இது அவள் புருஷன் ஏறிய குதிரை.

அவர் இல்லாத முதல் கோடை இது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வருஷா வருஷம் கூட வேலை பார்க்கிறவர்களோடு இந்த ஏரிக்கு வந்து, நாலைந்து நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுப் போவார். அவளையும் கூப்பிடத்தான் செய்வார். கல்யாண சீசனில் கடையை யார் பார்ப்பது என்று அவள்தான் வந்ததில்லை.

இந்த வருஷம் அந்தக் கூட்டாளிகள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்கள். "ஒரு தடவை வாங்க அண்ணி. அண்ணன் இடம் காலியா கிடந்தா எங்களுக்குத் தாங்காது."

அவள் வந்தது அவர்களுக்காக இல்லை. வீட்டில் கிடைக்காத எது அவருக்கு இங்கே கிடைத்தது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் நிம்மதியாக அழக்கூட முடியவில்லை.

நேற்று சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அவர்களில் ஒருவர் வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். அண்ணன் மீன் பிடிக்க வரமாட்டாராம். சீட்டாடவும் உட்காரமாட்டாராம். மத்தியானம் ஆனால் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவாராம். எங்கே என்று கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாராம்.

நாய் குரைத்தாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிற மனுஷன். குதிரையிலா?

யாரைப் பார்க்க?

கூடாரத்தில் அவள் ஒட்டுப்போட்டுக் கொடுத்த இடம் அப்படியே இருந்தது. அதைத் தடவிக்கொண்டே விடியும்வரை படுத்திருந்தாள். செத்துப்போனவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்ததே தவிர சந்தேகம் போகவில்லை.

பின்னால் இன்னொரு குதிரையில் வந்த, குதிரைகளை வாடகைக்கு விடும் லாயத்துக்காரி பக்கத்தில் வந்து நிறுத்தினாள். முன்பல் இரண்டு இல்லாத, எழுபதை நெருங்குகிற மனுஷி. காலையில் அவளைப் பார்த்ததுமே தையல்காரிக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. மீதிப் பாதி இன்னும் இந்தப் பாதையின் ஏதோ ஒரு மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இது இப்ப நகராதும்மா," என்றாள் லாயத்துக்காரி. "லிஃப்ட்காரர்னு ஒருத்தர் வருவாரு. அவரு பழக்கிவிட்டது. இந்தக் காட்டுல இந்த மேட்டுல மட்டும்தான் போன் எடுக்கும். வீட்டுக்குப் பேசணும்னு வருவாரு. பேசி முடிக்கிற வரைக்கும் இது நிக்கும், முடிஞ்சதும் அதுவா கிளம்பிடும்."

கேட்டுக்கொண்டிருப்பவள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"ஏறும்போதே கையெல்லாம் நடுங்கும், பாவம். மேடு ஏற அவரு முட்டி ஒத்துழைக்காது. ஒரு நாள் பேசாட்டி என்னய்யா குடிமுழுகிடும்னு நானே கேட்டிருக்கேன். என் வீட்டுக்காரி தைக்க உட்கார்ந்தா சோத்தையே மறந்துடுவா, நான் கேட்டாத்தான் அவளுக்குப் பசிக்கும்பாரு. இந்த வருஷம் ஆளையே காணோம்."

 

அந்த போன் தையல்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொள்வாள். சாப்டியா என்பார். சாப்டேன், கடையில ஆள் நிக்குறாங்க என்பாள். கூடாரத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, பொழுது போகாமல் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். போனை வைத்த பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

இப்போது இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். கூப்பிட யாருமில்லை என்று, ஏரிக்கு வந்ததிலிருந்து அதை வெளியே எடுக்கவே இல்லை. திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் இருந்தன. அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

எக்ஸ்பிரஸின் காதுகள் பின்பக்கம் திரும்பின.

"சாப்டேங்க," என்றாள்.

லாயத்துக்காரி சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. பயந்து பயந்து ஏன் ஏறினீங்க என்று திட்ட வேண்டும். ஒட்டு பிரியவில்லை என்று சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் எக்ஸ்பிரஸ் நடக்க ஆரம்பித்துவிட்டது. பேச்சு எப்போதும் அவ்வளவுதான் என்று அதற்குத் தெரியும்.