குழாயடிக் கல்

பழைய தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மூன்று தலைமுறையாகத் துணி துவைத்த கல், ஆதிகாலக் கல்லறை ஒன்றின் மூடியாம். மியூசியத்து ஆட்கள் ஆறு பேர் தூக்கிப்போய் அந்தக் கல்லறையின் செம்மண் குழியை மூடினார்கள். மறுநாள் காலை மூடியைக் காணோம். வேலை போய்விடுமென்று பதறிய காவலாளி யுகேந்திரன் குழாயடிக்கு ஓடினான். கல் அங்கே கிடந்தது. லயத்தில் மிச்சமிருந்த மூன்று பெண்களும் வாளியோடு நின்றார்கள்.

"நீங்கதானேக்கா எடுத்தாந்தது?"

"என்னா லா தம்பி, ஆறு பேர் தூக்குன கல்ல நான் இடுப்புலயா வச்சித் தூக்கியாந்தேன்?" என்றாள் புஷ்பலதா. "எங்களுக்கு முந்தி எவளோ துணியப் போட்டு எடம் பிடிச்சிருக்கா. அவளப் போயி கேளு."

கல்லின்மேல் முறுக்கிப் பிழிந்த துணி ஒன்று கிடந்தது. யுகேந்திரன் எடுத்து விரித்தான். நூலில்லை, நெசவில்லை, மரப்பட்டையை அடித்துச் செய்த துணி. அதிலிருந்து செம்மண் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.