கங்காருவுக்குச் சாட்சி

“இவா மெல்பேர்ணில இருந்து வந்தவா. இப்ப சொல்லுங்கோ அண்ணை, உங்கட கங்காருக் கதையை.”

தையல்காரன் விஜிதரன் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான். அவனுக்குப் பின்னால், காற்றுப் போன சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள்.

சைக்கிள் திருத்துகிற குகதாசனின் கையிலிருந்த ரியூப் தண்ணீர்ச் சட்டிக்குள் நழுவி விழுந்தது.

வட்டக்கச்சிச் சந்தியில் ‘அவுஸ்திரேலியாக் குகதாசன்’ என்றால்தான் அவரைத் தெரியும். இரண்டு வருடம் அங்கே ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர். சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு முடியும்வரை கதை இலவசம். அங்கே ஆடுகளை எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிவதற்குள் பாதி ஆடுகள் குட்டி போட்டுவிடும். கதை கேட்பதற்காகவே நல்ல ரியூபில் முள்ளைக் குத்திக்கொண்டு வருகிறவர்களும் இருந்தார்கள்.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவுஸ்திரேலியாவுக்கென்று அவர் ஏறிய படகின் இயந்திரம் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. கடற்படை கட்டி இழுத்து வந்து கரையில் விட்டது. ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்று ஊரில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுப் போன பயணம். அந்த முகங்களில் விழிக்க வெட்கப்பட்டு, இரண்டு வருடமும் சிலாபத்துப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் கிடந்தார்.

இப்போது எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டே வந்திருந்தார்.

ஓடித் தப்பச் சந்தியில் நாலு வழி இருந்தது. காலில் செருப்புத்தான் இல்லை.

குகதாசன் தொண்டையைச் செருமினார்.

“எங்கட பண்ணையில ஒரு கங்காரு நிண்டது. படலையைத் தானே திறந்து தானே சாத்தும். கடிதத்தை வயித்துப் பைக்குள்ள போட்டுவிட்டால், பக்கத்துப் பண்ணையில குடுத்திட்டு வரும்.”

சொல்லச் சொல்லவே குரல் தேய்ந்தது. எல்லாத் தலைகளும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பின.

அவள் அதே ஊர் அன்னபாக்கியத்தின் பெறாமகள், தமக்கையின் மகள் சாரங்கா. பத்து வருடத்துக்கு மேல் கழித்து வந்திருக்கிறாள். அவுஸ்திரேலியாப் பிள்ளை வருகிறாள் என்று அன்னபாக்கியம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சாரங்கா குகதாசனை ஒரு கணம் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “எங்கட பக்கத்தில பால் போத்திலும் கொண்டு வாறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.”

மீன்காரர் வாயைப் பிளந்தார். விஜிதரனின் முகம், மாப்பிள்ளையின் சட்டைத் துணியைப் பிழையாக வெட்டிவிட்டவனுடையதுபோல ஆகிவிட்டது. ஏதோ அலுவல் கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

குகதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாரங்காவின் சைக்கிளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவு பவ்வியமாக அவர் யாருடைய சைக்கிளையும் தொட்டதில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்பது விளங்கியது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

சந்தி வெறுமையானதும் அவள் கிட்ட வந்து குந்தினாள்.

“அண்ணை, சின்னம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எங்கட படகை அவுஸ்திரேலியாவில இறங்க விடேல்லை. நடுக்கடல்ல ஒரு தீவில ஆறு வருசம் வைச்சிருந்திட்டு, கனடாவுக்கு அனுப்பினவங்கள். சின்னம்மா மனம் உடைஞ்சு போவா எண்டு மெல்பேர்ண் எண்டே சொல்லிக்கொண்டு வாறன். எல்லாரும் என்ர முகத்தைப் பார்த்தவுடன, நீங்கள் சொன்னதுக்கு ஓம் எண்டுறதை விட வேற என்ன செய்ய? எனக்கு என்ன தெரியும்!”

குகதாசனின் கை, ஒட்டுத் துண்டோடு அந்தரத்தில் நின்றது.

“நீங்கள் எண்டாலும் போய்ச் சேர்ந்தனீங்கள்.” அவளுடைய கண்ணில் கேலி இல்லை. “கங்காரு உண்மையில எவ்வளவு உயரம் அண்ணை?”

குகதாசன் எழுந்து நின்றார். ஈரக் கையை இடுப்பளவுக்குக் கொண்டுபோனார்.

அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

பிறகு, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, நுனிக்காலில் நின்று காட்டினார்.