மாம்பழ எடைக்குத் தினை

“ஒரே வாரத்துல இவ்வளவு தினையையும் தின்னுச்சுன்னா அது கனேரிக் குருவி இல்ல ராணி, வான்கோழி.”

பறவைத் தீனிக் கடை எவாரிஸ்டோ தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கடைக்கு வரும் பெண்கள் எல்லாருமே அவருக்கு ‘ராணி’தான். பாரங்கியா நகரச் சந்தையில் அவர் காதுக்கு ஒரு சேதி போனால் பொழுது சாய்வதற்குள் ஊரே பேசும்.

எனில்டா கைப்பையை வலது பக்கமாக அணைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் கனேரியும் இல்லை, கூண்டும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அண்ணி பருத்தி நூலில் ஒன்று பின்னிக் கொடுத்தாள். உள்ளே தினையை நிரப்பினால் கனம் கச்சிதமாக நிற்கும்.

நின்றது, போன வாரம் வரைக்கும். எனில்டா அதைத் தினையோடு அப்படியே துவைத்தாள். கொடியில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாள் என்று ஈரத் துண்டில் சுருட்டிப் பீரோவுக்குள் ஒளித்துவைத்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் நூலுக்கு வெளியே பச்சைப்பசேலென்று முளை எட்டிப் பார்க்கிறது! அண்ணி சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தாள்.

சனிக்கிழமை கார்னிவல். கும்பியா ஆட்டத்தில் முதல் வரிசையில், எரியும் மெழுகுவர்த்திக் கொத்தை வலது கையில் உயரத் தூக்கி ஆடவேண்டும். இருபது வருஷமாக அது எனில்டாவின் இடம். விஷயம் தெரிந்தால் தெருவே ‘ஐயோ பாவம்’ என்று பார்க்கும். அந்தப் பார்வையை மட்டும் அவளால் தாங்க முடியாது.

“எவ்வளவு போடட்டும்?”

எனில்டா பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டினாள். வீட்டில் அரைமணி நேரம் கண்ணாடி முன் நின்று, இடது பக்கத்துக்கு ஈடாகத் தேர்ந்தெடுத்த பழம். “இந்த எடைக்கு.”

எவாரிஸ்டோ பழத்தைத் தராசில் வைத்தார். “பறவைக்குப் பேரு?”

“பெ... பெட்ரோனா.”

“பெட்ரோனா சௌக்கியமா?”

“றெக்கையில சின்னதா ஒரு ஆபரேஷன்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம்?”

“வலது.”

“புண்ணு ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு. தழும்புதான் இழுத்துப் பிடிக்குது.”

பக்கத்துக் கடை வாழைக்காய்க்காரன் சட்டையில்லாமல் விசிறிக்கொண்டே கத்தினான். “பிஷப்பே, இந்த வெக்கையில அந்தக் கழுத்துப் பொத்தானையாவது கழட்டேன்யா.” கழுத்துவரை பொத்தான் போட்டே திரிவதால் எவாரிஸ்டோவுக்குச் சந்தையில் அந்தப் பெயர்.

“நீ உன் தொப்பையை மூடு, நான் கழட்டுறேன்,” என்றுவிட்டு எனில்டா பக்கம் திரும்பினார். “வாசனையில்லாத கிரீமை ரெண்டு விரல்ல தொட்டு, தழும்பு மேல வட்டம் வட்டமாத் தேய்ச்சுவிடு. காலைல அஞ்சு நிமிஷம், ராத்திரி அஞ்சு நிமிஷம். ஒரு வருஷத்துக்கு அதுமேல வெயில் படக்கூடாது. உள்ள போடுறது மெத்துனு பருத்தியா இருக்கணும்.”

“கனேரிக்கு உள்பாடியா?”

“கார்னிவலுக்கு வெறும் உடம்போடவா வரும்? தூங்கும்போது அந்தப் பக்கத்துக்கு அண்டக் குடுத்து ஒரு குட்டித் தலகாணி வை. றெக்கையைத் தூக்குதா?”

“காது வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல மக்கர் பண்ணுது.”

“சுவத்துகிட்ட நின்னு விரலை எறும்பு மாதிரி மேல ஏறவிடச் சொல்லு. தினம் ஒரு விரக்கடை கூடினாப் போதும்.”

எனில்டாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கனேரிக்கு ஏதுங்க விரலு?”

எவாரிஸ்டோ பொட்டலத்தைக் கட்டி அவள் கையில் வைத்தார். மாம்பழத்தையும் மேலே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த தடவை துவைக்கும்போது தினையை வெளிய எடுத்துடு. இல்லன்னா முளைச்சுடும்.”

எனில்டா பொட்டலத்தைச் சட்டென்று கைப்பைக்குள் தள்ளினாள். போச்சு, சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். “யாரு சொன்னா உங்களுக்கு? அண்ணியா?”

“யாரும் சொல்லல. மாம்பழ எடையும் வலது றெக்கைத் தழும்பும் போதாதா? நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ சனிக்கிழமை முதல் வரிசையில நின்னு ஆடு.”

“ஊர் வம்பெல்லாம் பேசுற வாயி, இதை மட்டும் சொல்லாதா?”

எவாரிஸ்டோ வாழைக்காய்க்காரனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டையில் மூன்று பொத்தான்களைக் கழற்றினார். இடது மார்பு இருக்கவேண்டிய இடத்தில் தட்டையாக, வெளுத்துப்போன தழும்பு ஒன்று அக்குள்வரை ஓடியது.

“ஒன்பது வருஷமாச் சொல்லலையே ராணி. எனக்கும் ஒரு கனேரி இருந்துச்சு. அது பறந்ததும் நான் கூண்டைக் காலியாவே விட்டுட்டேன்.”