சிவப்பாய் நின்ற பெயர்

"கிரிதரன், இங்க வாங்க!"

மீனலோசனியின் குரலுக்கு ஆனையூர் அலுவலகமே நிமிர்ந்தது. ஊழியர்கள் அவரவர் அறிமுகப் பக்கத்தை, விக்கிப்பீடியா மாதிரியான அலுவலக விக்கியில் எழுத வேண்டும். அவள் சரிபார்த்த பிறகுதான் அது மற்றவர் கண்ணில் படும்.

"தலைப்புக்குச் சமக்குறி போடச் சொன்னா, வாட்ஸ்அப் மாதிரி நட்சத்திரம் போட்டிருக்கீங்க. எம்புட்டுத் தடவ சொல்றது?"

"மாத்திடுறேங்க."

"அது கிடக்கட்டும். கடைசி வரியில ஒரு பேருக்கு ரெட்டைச் சதுர அடைப்பு போட்டிருக்கீங்க. அது ஏன் சிவப்பா நிக்குது?"

கிரிதரன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "அந்தப் பேருல பக்கம் இன்னும் இல்லைங்க. யாராவது உருவாக்குனா நீலமாயிரும்."

"இல்லாத பக்கத்துக்கு எதுக்கு இணைப்பு?"

"ஒரு நம்பிக்கைதாங்க."

"யாராவதாம்ல! போய் உட்காருங்க."

பக்கத்து சீட்டு முபீன் சிரித்தான். "மாப்ள, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

வாயால் கேட்கத் துப்பில்லாமல் எழுதிய வரியை அழித்துவிடலாம் என்று கிரிதரன் பக்கத்தைத் திறந்தான். வரி அப்படியே இருந்தது: 'வருங்கால மனைவி: மீனலோசனி.'

பெயர் மட்டும் நீலமாகியிருந்தது. அமுக்கினான். புதிய பக்கத்தில் ஒரே வரி:

'இது குறுங்கட்டுரை. விரிவாக்க, ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வீட்டுக்கு வரவும்.'