செம்பியின் வயிறு

ஒரே அடையில் பொரித்த அக்காள் தங்கை வாத்துகள் செம்பியும் வெள்ளச்சியும். இரண்டுக்கும் ஒரே தவிடு, ஒரே குளத்து நத்தை. ஆனாலும் தின்றதெல்லாம் செம்பிக்கு மட்டும் கொழுப்பாகத் தங்கியது. வெள்ளச்சி உடம்பில் ஒட்டவே இல்லை.

அவர்கள் அம்மா வயிற்றில் கட்டி வந்து செத்ததிலிருந்து, கரையில் நிற்கும் கொக்கு செம்பியை விடுவதில்லை.

"வாயைக் கட்டுடி! உங்கம்மாவும் இப்படித் தின்னுதான் போய்ச் சேர்ந்தா."

"அக்காவைவிட நான்தான் மாமா அதிகம் திங்கிறேன்" என்றாள் வெள்ளச்சி. கொக்கு காதில் வாங்காமல் காலை மாற்றி நின்றது.

செம்பிக்குச் சுருக்கென்றது. கழுத்தை நிமிர்த்தினாள்.

"இது எங்கம்மா குடுத்த உடம்பு மாமா. கட்டி வந்தாலும் வரும், வராமலும் போகும். அதுக்காக நான் தலையைத் தொங்கப்போட மாட்டேன். மாசாமாசம் கால்நடை டாக்டர்கிட்ட வயித்தைக் காட்டுறேன். இவளையும் இழுத்துட்டுப் போறேன், இவளுக்கும் அதே அம்மாதானே? ஆமா, உங்கம்மா எதுல போனாங்க?"

கொக்கு யோசித்தது. அதற்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை எங்களோட டாக்டர்கிட்ட வாங்க. ஒல்லியா இருக்கறவங்களையும் பார்ப்பாங்க" என்ற செம்பி, குளத்திலேயே பெரிய நத்தையை கொக்கின் கண்ணெதிரிலேயே விழுங்கினாள்.