தொங்யோங் பொண்ணு

"ஐயோ! வலிக்கிற எடத்துலயேவா அமுக்குவீங்க?"

கட்டிலில் கிடந்தவர் அலறியதும் வெள்ளைக் கோட்டுப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கதவைத் தட்டாமல் நுழைந்தவள், கைகூடக் கழுவவில்லை. பாவம், அவளைத் திட்டாதீர்கள்.

அலறியவர் நிஜ நோயாளி அல்ல. மாணவர் தேர்வுக்காகக் குடல்வால் வலி வந்தவராக நடிக்கும் நடிகர்.

மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் தாக். சியோலின் அந்த மருத்துவக் கல்லூரியில் அவர் பெயரைக் கேட்டாலே மாணவர்களுக்குச் சோறு இறங்காது.

சற்றுமுன் இதே அறையில் மதிப்பெண் போட்டுவிட்டு வந்த பேராசிரியர் பாங்கின் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னய்யா, பசங்க அவ்வளவு மோசமா?" என்று தாக் கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

மணி அடித்தது. பத்து நிமிடம் முடிந்தது.

"என்ன லட்சணம்மா இது? நோயாளி பேரையாவது கேட்டியா?"

"பதட்டத்துல மறந்துட்டேன் சார். ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். இதுலயும் போச்சுன்னா தொங்யோங்ல எங்கம்மா..."

தாக்கின் பேனா நின்றது. "தொங்யோங்கா? எந்தப் பள்ளிக்கூடம்?"

"துறைமுகத்துக்கு மேல, மேட்டுல இருக்கே சார். படி ஏறியே முட்டி தேஞ்சுபோகும்."

"நூத்திப் பன்னெண்டு படி!"

"அப்போ நீங்க எனக்கு சீனியரா?" இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

கட்டில்காரர் முனகுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

தாக் இருமினார். கதவுப் பக்கம் ஒரு பார்வை. 'கதவைத் தட்டினார்' - டிக். 'கை கழுவினார்' - டிக். 'மென்மையாகத் தொட்டார்' - அந்த டிக் மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"நம்மூர் சிப்பியத் தின்னு வளந்த கையில அழுக்கு ஒட்டாதும்மா. பாஸ். போ."

கட்டில்காரர் குதித்து இறங்கி, தலையணைக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை உருவினார். 'மதிப்பெண் போடுபவர்களுக்கான தேர்வு' என்று தலைப்பு. கீழே தாக்கின் பெயர். அதற்கு எதிரே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

தாக்குக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார். "அப்போ நீ தொங்யோங் இல்லியா?"

கழற்றிய வெள்ளைக் கோட்டை அவள் ஆணியில் மாட்டினாள்.

"பாங் சாருக்கு நான் அவங்க ஊர் மொக்போ பொண்ணு சார்."